ஆமாம் விழாத கொடை

செம்மண்விளையில் ஆமாம் விழாமல் போனது, கரைகாத்த அம்மன் கோயில் கொடைவிழாவுக்குச் சரியாகப் பதினொரு நாள் இருக்கும்போது, ஆவணி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், மாவு மில்லின் பின்கொட்டகையில், மாலை ஐந்தே முக்கால் மணிக்கு. நேரத்தை இவ்வளவு துல்லியமாகச் சொல்ல முடிவதற்குக் காரணம் சண்முகவடிவு. வில்லுப்பாட்டுக் குழுவின் தலைவி அவள். ஒத்திகை ஐந்தரை மணிக்கு என்பது அவளுடைய சட்டம். பிந்தி வருகிறவர்களைத் திட்டுவதற்கென்று அவளே கால் மணி நேரம் ஒதுக்கிவைத்திருந்தபடியால், முதல் வரி எப்போதும் ஐந்தே முக்காலுக்குத்தான் விழும்.

வில்லுப்பாட்டில் தலைவி ஒரு வரியைப் பாடி நிறுத்துவாள். குடம் ஒருமுறை அதிரும். அந்த அதிர்வோடு பின்பாட்டுக்காரர்கள் "ஆமாம்" என்பார்கள். கதை அடுத்த வரிக்கு நகரும். கேட்பவர்களுக்கு இது ஒரு பெரிய காரியமாகத் தோன்றாது. சண்முகவடிவுக்கோ இதைவிடப் பெரிய காரியம் உலகத்தில் இல்லை. பிறப்புக்கு ஓர் ஆமாம், இறப்புக்கு ஓர் ஆமாம், வியப்புக்கு ஓர் ஆமாம், அடுத்து என்ன நடக்குமோ என்ற பதைப்புக்கு ஓர் ஆமாம் என்று நான்கு வகை வகுத்து, ஒன்றை மற்றொன்றின் இடத்தில் போடக் கூடாது என்று இருபத்தொரு ஆண்டுகளாகக் கற்பித்துக்கொண்டிருந்தவள் அவள். அம்மன் பிறந்தாள் என்ற வரிக்கு இழவு வீட்டு ஆமாம் போட்ட குற்றத்துக்காகத் தாளக்காரன் தங்கப்பழத்தோடு ஒரு வாரம் பேசாமல் இருந்திருக்கிறாள். கட்டை தட்டும் உலகம்மை அவளுடைய கணவனின் தங்கை. நாத்தனார் என்ற உறவு வீட்டோடு சரி, கொட்டகைக்குள் கிடையாது என்று முதல் நாளே சொல்லிவைத்திருந்தாள். எல்லாரையும்விட அதிகமாகத் திட்டு வாங்கியவன் குடம் வாசிக்கும் கொம்பையா. மலை போன்ற உடம்பும் பூனை போன்ற குரலும் கொண்ட அவனுடைய குடம், வரி முடிந்து அரை மாத்திரை பிந்தித்தான் விழுகிறது என்பது சண்முகவடிவின் தீராத மனக்குறை. குடம் பிந்தும்போதெல்லாம் வில்லில் அடிக்கிற வீசுகோலை அப்படியே திருப்பி அவனுடைய வலக்கை நடுவிரல் முட்டியில் ஒரு தட்டுத் தட்டுவாள். அவனும் "சரிக்கா, பிந்திட்டு" என்பான். அந்த முட்டியில் இருபத்தொரு ஆண்டுத் தட்டும் சேர்ந்து கழற்சிக்காய் அளவில் ஒரு புடைப்பாகி நின்றது.

அந்த வெள்ளிக்கிழமை அவள் வில்லின் மணிகள் குலுங்க, "மாதம் மும்மாரி பொழியும் எங்கள் செம்மண்விளை நாட்டினிலே" என்று பாடி நிறுத்தினாள். குடம் விழுந்தது. ஆமாம் விழவில்லை.

மூன்று வாய்களும் திறந்திருந்தன. உள்ளே நாக்கும் இருந்தது. சத்தத்தை மட்டும் காணவில்லை.

"என்ன, மூணு பேரும் வாய்க்குள்ள கொழுக்கட்டையா வச்சிருக்கிய?" என்று கேட்டுவிட்டு, அடுத்த வரியாகிய "குளம் நிறைந்து கரை ததும்பி" என்பதைப் பாடினாள். அதற்கும் விழவில்லை. ஊர்க்குளத்தில் பங்குனியிலிருந்து ஆட்டுக்குட்டிகள் மேய்ந்துகொண்டிருந்தன.

"மதினி, வரமாட்டேங்குது" என்றாள் உலகம்மை.

"எது வரமாட்டேங்குது?"

"அதான், ஆமாம்."

"இப்ப சொன்னியே!"

"தனியாச் சொன்னா வருது மதினி. நீங்க பாடினதுக்குப் பொறவு சொன்னா வரமாட்டேங்குது."

சண்முகவடிவு கண்ணை மூடி, மூச்சை இழுத்து, கையிலிருந்த கோலை எங்கே இறக்குவது என்று தெரியாமல் ஆகாயத்தில் நிறுத்தியிருந்தாள். அந்த நேரத்தில், மில்லை நடத்தும் அவளுடைய கணவர் மில் பக்கத்துக் கதவைத் திறந்து தலையை நீட்டி, "கரண்டு போயிட்டு" என்றார்.

"ஆமாம்!" என்றன மூன்று குரல்களும், ஒரே குரலாக, குடத்தின் அதிர்வோடு, மயிரிழை பிசகாமல்.

இருபத்தொரு ஆண்டுகளில் அப்படியோர் ஆமாம் அந்தக் கொட்டகையில் விழுந்ததில்லை. அது மின்சாரம் போனதற்காக விழுந்ததே என்றுதான் சண்முகவடிவுக்கு வயிறு எரிந்தது.

மறுநாள் ஊர் முழுவதும் தெரிந்துவிட்டது. செம்மண்விளை இதற்காக வியந்து நிற்கவில்லை. அதே வாரத்தில் ரேஷன் கடையில் சீனியை நிறுவை குறையாமல் போட்டிருந்தார்கள், வியப்பதற்கு ஊருக்கு அதுவே போதுமானதாக இருந்தது. ஆனால் பயன்படக்கூடிய ஒன்றைச் சும்மா கிடக்கவிடுகிற வழக்கம் அவ்வூருக்கு இல்லை. மூவரும் ஒன்றாக உட்கார்ந்திருக்கும்போது எதிரே நின்று ஒருவர் ஒன்றைச் சொன்னால், மெய்யென்றால் ஆமாம் தானாக விழுகிறது, பொய்யென்றால் விழுவதில்லை என்பதைச் சனிக்கிழமை காலைக்குள் கண்டுபிடித்துவிட்டு, மில் வாசலில் வரிசை கட்டினார்கள். மாட்டுத் தரகன் ஒரு பசுவைப் பிடித்துவந்து, "இது ரெண்டாவது ஈத்து" என்றான், மூவரும் பேசாதிருந்தார்கள், "மூணாவது" என்றான், "நாலாவது" என்றபோது ஆமாம் விழ, பசுவை வாங்க வந்தவன் எழுந்துபோனான். கல்யாணத் தரகர், மாப்பிள்ளைக்கு ஒரு கெட்ட பழக்கமும் கிடையாது என்று தொடங்கி, ஒவ்வொரு பழக்கமாகக் கழித்துக்கொண்டே வந்து, கடைசியில் "சூதாட மாட்டான்" என்பதற்கு மட்டும் ஓர் ஆமாம் பெற்று, அதையே பெரிய பேறாகக் கருதிப் பெண்வீட்டுக்கு நடந்தார். டீக்கடைக்காரர் "இன்னைக்குப் போட்ட வடை" என்று சொல்லிப் பார்க்கவே இல்லை. தட்டை எடுத்துக்கொண்டு வேறு தெரு வழியாகப் போனார். புருஷன்களை இழுத்துக்கொண்டு பெண்டாட்டிகள் வந்தார்கள். புருஷன் இழுபடாத பெண்டாட்டிகளுக்கு அதுவே பதிலாயிற்று. மூன்று நாளில் ஊர்ப் பேச்சே மாறிப்போனது. யாரும் எதையும் உறுதியாகச் சொல்வதில்லை; "அப்படித்தான் கேள்விப்பட்டேன்" என்றும், "இருந்தாலும் இருக்கும்" என்றும் தப்பிக்க ஒரு வழியை வைத்தே பேசினார்கள். மூவரும் சேர்ந்து தெருவில் நடந்தால் எதிரே வருகிறவர்கள் நலம் விசாரிப்பதை நிறுத்தி, வெறுமனே கும்பிட்டுவிட்டு ஒதுங்கினார்கள்.

சண்முகவடிவு இவற்றையெல்லாம் மில் சன்னல் வழியாகப் பார்த்துப் பார்த்து மனம் புழுங்கினாள். கொடைக்கு இன்னும் எட்டு நாள். அம்மன் கதையை மதியக் கொடையில் பிறப்பு முதல் இறப்பு வரை, ஒரு வரி தவறாமல், வரிக்கு ஓர் ஆமாம் குறையாமல் பாடி முடித்தால்தான் அம்மனுக்கான படைப்புச் சோறு அடுப்பிலிருந்து இறங்கும். ஆமாம் விழாத வரியை அம்மன் கேட்பதில்லை என்பது அவ்வூர் வழக்கம். குழுவோ கூட்டுப் பயிற்சியை விட்டுவிட்டு மாட்டு ஈத்துக்குச் சாட்சி சொல்லிக்கொண்டிருக்கிறது.

"வில்லுப்பாட்டுக் குழுவா, போலீஸ் ஸ்டேஷனா இது?" என்று வாசலுக்கு வந்து கத்தினாள். "கொடை வருது. ஒத்திகை பாக்கணும். எல்லாரும் போங்க."

போனார்கள், ஒருத்தி போகவில்லை. பிரமு. அவளுடைய கணவன் வளைகுடா நாட்டில் வேலைக்குப் போன இடத்தில் இறந்து, பெட்டியில் வந்து சேர்ந்து ஒன்பது மாதம் ஆகியிருந்தது. அவள் மூவருக்கும் எதிரே வந்து, முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு, யாரையும் பார்க்காமல், "கடைசி நேரத்துல அவுக என்னை நெனச்சிருப்பாக" என்றாள்.

குடம் மெல்ல அதிர்ந்தது. "ஆமாம்" என்றார்கள் மூவரும்.

பிரமு தலையை அசைத்துவிட்டுப் போய்விட்டாள். சண்முகவடிவு சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இறப்புக்கு உரிய ஆமாம் அது. அடிவயிற்றில் தொடங்கி, இடையில் உடையாமல், முடிவில் நீளாமல் நிற்க வேண்டிய ஆமாம். இருபத்தொரு ஆண்டுகளாக அவள் பாடிக் காட்டியும், திட்டியும், பட்டினி போடுவேன் என்று மிரட்டியும் இந்த மூவரின் தொண்டையிலிருந்து எடுக்க முடியாமல் போன அதே ஆமாம். கண்ணில் நீர் நின்றதா, எரிச்சல் நின்றதா என்று அவளுக்கே விளங்கவில்லை.

அந்தத் திங்கட்கிழமை மாலையே விழாக் கமிட்டித் தலைவர் பூல்பாண்டி வந்தார். எந்தச் சிக்கலுக்கும் கையில் ஒரு தீர்வோடு வருவதும், அந்தத் தீர்வு சிக்கலை இரண்டாக்குவதும் அவருடைய இயல்பு.

"புலவரம்மா, எதுக்குக் கவலப்படுதிய? போன வருசக் கொடைய என் போன்ல முழுசாப் பிடிச்சு வச்சிருக்கேன். அதுல ஆமாம் இருக்குல்லா? நீங்க பாடுங்க, ஆமாத்துக்கு நான் போனை மைக்குல வச்சிருதேன்."

"உயிரோட மூணு பேரை உக்கார வச்சிட்டு, போனு ஆமாம் போடணுமா?"

"கேட்டுத்தான் பாருங்களேன்."

கேட்டார்கள். சென்ற ஆண்டின் சண்முகவடிவு கணீரென்று பாடினாள். சென்ற ஆண்டின் குடம் விழுந்தது. சென்ற ஆண்டின் ஆமாம் இருந்த இடத்தில் ஒன்றுமில்லை. பதிவிலிருந்தும் அது உதிர்ந்துபோயிருந்தது. பூல்பாண்டி போனைக் குலுக்கினார், ஊதினார், அணைத்துப் போட்டார். தங்கப்பழம், "நாங்கதானே அது, அங்க மட்டும் எப்படிச் சொல்லுவோம்?" என்றான், வெகு இயல்பாக.

சண்முகவடிவு வேறொன்றைக் கேட்டுக்கொண்டிருந்தாள். இத்தனை ஆண்டுகளாக வரியின் முடிவையும் குடத்தின் அதிர்வையும் அந்த ஆமாம் ஒரு போர்வைபோல் மூடியிருந்தது. போர்வை போனதும் உள்ளே கிடந்தது வெளிச்சத்துக்கு வந்துவிட்டது. தங்கப்பழத்தின் தாளம் சீராகப் போயிற்று. உலகம்மையின் கட்டை சீராகப் போயிற்று. குடம் அந்தத் தாளத்தின் உச்சியில், விழவேண்டிய இடத்தில், ஆணி அடித்ததுபோல் விழுந்தது. வரிதான் சரியாக முடியவில்லை. ஒவ்வொரு வரியின் கடைசி எழுத்தையும் பாதி விழுங்கிவிட்டு, அடுத்த வரியைப் பிடிக்கும் ஆத்திரத்தில், அரை மாத்திரை முந்தி முடித்துக்கொண்டிருந்தது அவளுடைய குரல்.

போனை வாங்கி இன்னொரு முறை கேட்டாள். மூன்றாம் முறையும் கேட்டாள். பிறகு அதை அணைத்துப் பூல்பாண்டியிடம் நீட்டி, "சார்ஜ் தீந்துட்டு" என்றாள்.

மூவரும் பேசாமல் இருந்தார்கள்.

ஆமாம் விழாததைப் பூல்பாண்டி கவனித்தார், உலகம்மை கவனித்தாள், கொம்பையா தன் குடத்தின் வாயைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான். சண்முகவடிவு எழுந்து, வேண்டாத வேகத்தில் கொட்டகையைப் பெருக்கத் தொடங்கினாள்.

அன்று தொடங்கிக் கதையைத் திருத்தினாள். மெய்யைத்தானே கேட்கிறீர்கள், மெய்யையே தருகிறேன் என்று பிடிவாதமாக உட்கார்ந்து, நாற்பது பக்க நோட்டைச் சிவப்பு மையால் அடித்து அடித்துக் குறைத்தாள். "செம்மண்விளை என்றொரு ஊர்" என்பதற்கு ஆமாம் விழுந்தது. "அங்கே ஒரு குளம்" என்பதற்கும் விழுந்தது. "குளத்தில் தண்ணீர்" என்பதற்கு விழவில்லை. "எப்போதாவது தண்ணீர்" என்று மாற்றினாள், விழுந்தது. "கரை உடைந்த நாளில் ஒரு பெண் உடைப்பில் போய் நின்றாள், அவள் நின்ற இடத்தில் கரை அடைபட்டது" என்று பாடினாள், விழவில்லை. "நின்றதாகச் சொல்வார்கள்" என்றாள்; விழுந்தது. இப்படித் திருத்தியதில் இரண்டரை மணி நேரக் கதை நான்கு நிமிடத்தில் முடிந்தது. அதில் அம்மனும் இல்லை, கரையும் இல்லை, எப்போதாவது தண்ணீர் மட்டும் இருந்தது.

"இதைப் பாடினா படைப்புச் சோறு இறங்காது மதினி" என்றாள் உலகம்மை. "பஞ்சாயத்து ஆபீஸ் போர்டு மாதிரி இருக்கு."

சண்முகவடிவு நோட்டை எறிந்தாள். அது மாவு மூட்டையின் மேல் விழ, வெண்புழுதி எழுந்து எல்லாரும் தும்மினார்கள்.

வியாழக்கிழமை, மாவு அரைக்க வந்த ஒருத்தியோடு அவளுடைய ஐந்து வயது மகளும் வந்தாள். தாய் வரிசையில் நிற்க, சிறுமி பின்கொட்டகைக்குள் நுழைந்து, துணி சுற்றிய மரக் கரண்டி ஒன்றைத் தோளில் சாய்த்துத் தட்டிக்கொண்டே மூவரையும் பார்த்து, "என் பிள்ளைக்குக் காச்சல்" என்றாள்.

"ஆமாம்" என்றார்கள் மூவரும், மிகுந்த கவலையோடு.

சண்முகவடிவு நிமிர்ந்தாள். "என்ன சொன்னிய? கரண்டிக்கா காச்சல்?"

"வந்துட்டே அக்கா, நாங்க என்ன செய்ய?" என்றான் கொம்பையா.

"இதுக்கு எப்படி வரும்? கரண்டிக்குக் காச்சல் வரும்னா, எங்க குளத்துக்குத் தண்ணி வராதா?"

கொம்பையா விரல் முட்டியைத் தடவினான். "அந்தப் பிள்ளை நெசமாக் கவலப்படுதுல்லாக்கா" என்றான்.

உண்மையில் அவ்வளவுதான். ஊரெல்லாம் ஒரு வாரமாக மெய்யென்றும் பொய்யென்றும் பிரித்துக்கொண்டிருந்தது தவறு. கரண்டிக்குக் காய்ச்சல் இல்லை, பிரமுவின் கணவன் கடைசியில் எதை நினைத்தான் என்பது ஒருவருக்கும் தெரியாது. சொல்லுகிற வாய் எதை மனத்தோடு சொல்லுகிறதோ அதற்கு ஆமாம் விழுகிறது. ஒப்புக்குச் சொல்லுவதற்கு விழுவதில்லை. சண்முகவடிவின் பாட்டில் இருபத்தொரு ஆண்டுகளாக மும்மாரி பொழிந்தது வரி இருந்ததால். குளம் ததும்பியது எதுகை இருந்ததால்.

அதன்பிறகு கொட்டகைக் கதவு சாத்தப்பட்டது. நான்கு நாட்கள், ஒரு வரிக்கு ஒரு மணி நேரம் ஆனாலும் ஆகட்டும் என்று, நோட்டின் முதல் பக்கத்திலிருந்து தொடங்கினாள். மும்மாரி என்று பாடும்முன் கண்ணை மூடி, பங்குனியிலிருந்து வெடித்துக் கிடக்கும் குளத்தை நினைத்து, அதில் ஒரே ஒரு மழையாவது விழக்கூடாதா என்று நெஞ்சு கனக்கும்வரை காத்திருந்து, பிறகு பாடினாள். பதினேழாவது முறை ஆமாம் விழுந்தது. உடைப்பில் நின்ற பெண்ணுக்குப் பயமாக இருந்திருக்குமே என்று முதன்முறையாக யோசித்தாள். அந்த வரிக்கு ஒன்பதாவது முறை விழுந்தது. இது மகிழ்ச்சியான வேலையாக இருக்கவில்லை. ஒவ்வொரு வரிக்கும் மனத்தைக் கொண்டுவா என்றால், ஒரு மனுஷி எத்தனை மனத்துக்குப் போவாள் என்று இடையிடையே சீறினாள். அந்தச் சீற்றத்துக்கும் ஆமாம் விழுந்தது. ஆனாலும் திங்கட்கிழமை பொழுது சாய்வதற்குள் பிறப்பு, வளர்ப்பு, உடைப்பு, இறப்பு என்று கதை முழுவதும் ஆமாம் நிறைந்து நின்றது. நோட்டை மூடி, "நாளைக்குப் பன்னிரண்டு மணி. பிந்தாம வாங்க" என்றாள், பழக்கத்தினால் கொம்பையாவை ஒரு பார்வை பார்த்தாள், உடனே பார்வையை எடுத்துக்கொண்டாள்.

ஒன்றை மட்டும் அவள் ஒத்திகை பார்க்கவில்லை. கதைக்கு முன்னே அவையடக்கம் என்று ஒன்று உண்டு: நான் அறியாதவள், என் பாட்டில் குற்றமிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று சபையைக் கும்பிட்டுச் சொல்லும் நான்கு அடிகள். எந்தக் குழுவும் அதை ஒத்திகை பார்ப்பதில்லை. உட்கார்ந்ததும் வாய் தானாகச் சொல்லிவிடும். சொல்லுகிறவரும் அதை நினைப்பதில்லை, கேட்கிறவரும் அதை நம்புவதில்லை.

செவ்வாய்க்கிழமை உச்சி வெயிலில், கோயில் முன்னே ஓலைப் பந்தலின்கீழ் ஊர் கூடியிருந்தது. வில்லுக்குப் பூச் சுற்றியிருந்தது. சாமியாடி கச்சை கட்டி, கையில் பிரம்பு பிடித்து, அம்மன் பிறக்கும் வரிக்காக ஆயத்தமாக நின்றார். பின்னால் அண்டாவில் படைப்புச் சோறு மூடியின்கீழ் வெந்து அடங்கிக்கொண்டிருந்தது. சண்முகவடிவு வீசுகோலை எடுத்துக் கண்ணில் ஒற்றி, மணி குலுங்கப் பாடினாள்:

"கற்றறியேன், சொல்லறியேன், கைத்தாளம் நானறியேன்;
குற்றமுண்டு என் பாட்டில், கூடியுள்ளோர் பொறுத்தருள்வீர்."

குடம் விழுந்தது. வேறொன்றும் விழவில்லை.

ஒலிபெருக்கியில் காற்று மட்டும் இரைந்தது. அவள் மறுபடியும் பாடினாள். மூன்று வாய்களும் திறந்து, மூன்று கழுத்துகளிலும் நரம்பு புடைத்து, ஒன்றும் வராமல் மூடின. கூட்டத்தில் ஒரு பெண், "நாலு நாளாக் கதவைச் சாத்திக்கிட்டு என்னதான் செஞ்சாகளாம்?" என்று கேட்டது மைக்கிலேயே ஒலித்தது. மூன்றாம் முறை, கண்ணை மூடி மனத்தைக் கொண்டுவரப் பார்த்தாள். குற்றமுண்டு, குற்றமுண்டு என்று உள்ளே சொல்லிப் பார்த்தாள். அந்த மனமோ, யாருடைய பாட்டில் குற்றம் என்று திருப்பிக் கேட்டது.

"சின்னச் சின்னக் குத்தம் இருக்கலாம்" என்று மைக்கில் உரைநடையாகவே சொல்லிப் பார்த்தாள். விழவில்லை. "வயசாயிட்டு, தொண்டை முன்ன மாதிரி இல்ல." அதற்கும் இல்லை.

சாமியாடி ஒரு காலைத் தூக்கியபடி நின்று, இறக்குவதா வேண்டாமா என்று பூல்பாண்டியைப் பார்த்தார். பூல்பாண்டி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே மேடையருகில் குனிந்து, "புலவரம்மா, அடி பிடிச்சிரும்" என்றார், சோற்றைச் சொன்னார்.

மூவருக்கும் காய்ச்சல் என்று சொல்லி எழுந்துவிடலாம். அப்படிச் சொன்னால் என்ன விழாது என்பதும் அவளுக்குத் தெரிந்திருந்தது. போனிலே கேட்டது காதுக்குள் மறுபடியும் ஓடியது: தாளம் சரி, கட்டை சரி, குடம் சரி. அப்போது கொம்பையா பக்கத்திலிருந்து குனிந்து, மைக்குக்குக் கேட்காத பூனைக் குரலில், "அக்கா, சங்கடப்படாதீங்க. நான் மட்டும் சும்மா ஒரு ஆமாம் சொல்லிருதேன்" என்றான். சொல்லவும் முயன்றான். அந்தப் பெரிய உடம்பு முழுவதும் ஒரு பொய்யான ஆமாத்தை மேலே தள்ளிப் பார்த்தது, முகம் சிவந்தது, கண்ணில் நீர் கோத்தது, வரவில்லை. குடத்தின் வாயைப் பிடித்திருந்த வலக்கையில், நடுவிரல் முட்டியின் புடைப்பு வெயிலில் மினுங்கிற்று.

சண்முகவடிவுக்கு அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. தன்மீதே வந்த எரிச்சலில் கோலை வில்லின்மேல் வைத்துவிட்டு, மைக்கை இழுத்தாள்.

"இருவத்தோரு வருசமா, குடம் பிந்துது பிந்துதுன்னு இவன் கையில அடிச்சிருக்கேன். குடம் பிந்தல. போன்ல கேட்டேன். கேட்டுட்டு, சார்ஜ் தீந்துட்டுன்னு பொய் சொன்னேன். ஒவ்வொரு வரியிலயும் நான்தான் முந்..."

"ஆமாம்!"

கொம்பையாதான். சொல் முடியும் முன்பே விழுந்துவிட்டது. அதன்மேல் தங்கப்பழமும் உலகம்மையும் விழுந்தார்கள். அவர்கள்மேல் பந்தல் முழுவதும் விழுந்தது. சோற்றண்டாவின் அருகில் நின்றவர்களும், செருப்பைக் காவல் காத்தவனும், ஒரு காலில் நின்ற சாமியாடியும் சேர்ந்து போட்ட ஆமாம் ஓலையிலிருந்து காக்கைகளைக் கிளப்பியது.

அது ஓய்ந்ததும் சண்முகவடிவு கூட்டத்தைச் சுற்றிப் பார்த்தாள். "எல்லாருக்கும் முன்னமே தெரியுமா?"

கூட்டம் ஒட்டுமொத்தமாகத் தலையை ஆட்டியது.

"தெரிஞ்சிருந்தா ஒருத்தராவது சொல்லக் கூடாதா?"

"சொன்னா யாரும்மா அடி வாங்குறது?" என்றார் பூல்பாண்டி. "அந்தக் கோலு எட்டாத இடமே ஊர்ல கிடையாது."

"ஆமாம்" என்றார்கள் மூவரும், வியப்புக்கு உரிய ஆமாத்தில், இலக்கணம் பிசகாமல்.

அவள் கோலை எடுத்தாள். அவையடக்கத்தை மறுபடியும் முதலிலிருந்து பாடினாள், கைத்தாளம் நானறியேன் என்ற இடத்தில் கொம்பையாவைப் பார்த்தாள், ஆமாம் விழுந்தது. பிறகு கதைக்குள் நுழைந்து, "மாதம் மும்மாரி பொழியும் எங்கள் செம்மண்விளை நாட்டினிலே" என்று பாடி, கடைசி எழுத்தை விழுங்காமல், அதன் முழு அளவும் வாயில் வைத்துக் காத்திருந்தாள். அந்த அரை மாத்திரை, கொதிக்கும் தரையில் வெறுங்காலோடு நிற்பதுபோல் இருந்தது. ஆனாலும் நின்றாள்.

ஆனால் கொம்பையா, இருபத்தொரு ஆண்டுகளில் காணாத மகிழ்ச்சியில், குடத்தை முந்தி அடித்துவிட்டான்.

அவளுடைய கோல் தன் போக்கில் திரும்பி அவனுடைய முட்டிக்கு மேலே உயர்ந்தது. ஊர் மூச்சைப் பிடித்தது. கொம்பையா கையை இழுத்துக்கொள்ளவில்லை. கோல் ஒரு கணம் அங்கேயே நின்று, திரும்பிவந்து, வில்லின்மேல் விழ, மணிகள் எல்லாம் ஒன்றாகக் குலுங்கின.

"முந்தாதே" என்றாள், பல்லைக் கடித்துக்கொண்டு.

"சரிக்கா, முந்திட்டு" என்றான் அவன்.

"ஆமாம்" என்றார்கள் மற்ற இருவரும். கதை அடுத்த வரிக்கு நகர்ந்தது.